ஊரறியச் சொன்ன ரகசியம்

காம்பாரில் படிக்கும் ஒரு மாணவி எழுதியிருக்கிறார்: காப்பிக்கடை வைஃபையை யாரும் ஒட்டுக்கேட்கலாம் என்றால், என் கைப்பேசியும் வங்கியும் பரிமாறிக்கொள்ளும் சாவியை மட்டும் எப்படித் திருட முடியாமல் போகிறது?

நெடுங்காலம், செய்தியைப் பூட்டித் திறக்கும் அந்த ரகசியச் சாவியை ஆள்தான் சுமந்தார். அதனால் ரகசியம் தெரிந்த ஆளைப் பிடித்தால் போதும் என்றிருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் பேராக் காட்டிலிருந்து இயங்கிய பிரிட்டிஷ் ரகசியப் படையான 136ஆம் படையின் லிம் போ செங், 1944 மார்ச்சில் கோப்பேங் பக்கம் பிடிபட்டார். சித்திரவதைக்கும் வாய் திறக்காமல் ஜூன் 29 அன்று பத்து காஜா சிறையில் இறந்தார். எல்லாரும் லிம் போ செங் ஆகிவிட முடியுமா?

1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட வழியில், சாவி பயணமே செய்வதில்லை. (பிரிட்டிஷ் உளவுத்துறையின் வில்லியம்சன் இரண்டு ஆண்டுகள் முன்பே கண்டுபிடித்திருந்தார், அது 1997 வரை வெளியே வரவில்லை.) எனக்கு இதன் கணக்கு இன்றும் மாயாஜாலம்தான். தாளும் பென்சிலும் எடுங்கள்.

3, 17 என்ற எண்களை ஊரறியச் சொல்லிவிடுவோம். நான் மனத்துக்குள் 4 நினைக்கிறேன். 3ஐ நான்கு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் 81; 17ஆல் வகுத்தால் மீதி 13. அதை உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்கள் 7 நினைத்து அதேபோல் செய்தால் மீதி 11, எனக்கு அனுப்புகிறீர்கள். இப்போது நான் உங்கள் 11ஐ நான்கு முறை பெருக்கி 17ஆல் வகுக்கிறேன்: மீதி 4. நீங்கள் என் 13ஐ ஏழு முறை பெருக்கி வகுத்தாலும் மீதி 4. அதுதான் சாவி. ஒட்டுக்கேட்டவன் காதில் விழுந்தவை 3, 17, 13, 11 மட்டுமே.

இத்தனை சின்ன எண் என்றால் அவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடுவான். 17க்குப் பதில் அறுநூறு இலக்கத்துக்கு மேற்பட்ட பகா எண்ணை வைத்தால், மீதியிலிருந்து நாம் நினைத்த எண்ணைப் பிடிக்க இன்றைய கணினிகளால் ஆகாது. இப்போது பெரும்பாலும் நீள்வட்ட வளைவுக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள், உத்தி இதேதான்.

ஆனால் எதிரே இருப்பது வங்கிதானா என்று இந்தக் கணக்குக்குத் தெரியாது. நடுவில் ஒருவன் புகுந்து உங்களோடு ஒரு சாவி, வங்கியோடு இன்னொரு சாவி என்று செய்துகொள்ளலாம். அதைத் தடுக்கத்தான் இணையதளச் சான்றிதழ். சான்றிதழ் சரியில்லை என்று கைப்பேசி கத்தும்போது நம்மில் பலர் 'தொடர்க' என்று அழுத்திவிடுகிறோம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் முகம் தெரியாதவருக்கு, பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்யக் குறுஞ்செய்தியில் வரும் டேக் எண்ணை நிதானமாக, இரண்டு முறை வாசித்தும் காட்டுகிறோம். கடைசியில் 2022இல் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவே, குறுஞ்செய்தியில் டேக் எண் அனுப்புவதைக் கைவிடும்படி வங்கிகளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.