கலங்கலை அடைத்தால் யார் பொறுப்பு?

அமெரிக்க அரசின் பதிவேட்டில் 90,000க்கும் மேற்பட்ட அணைகள் உள்ளன. பாதிக்கு மேல் தனியாருடையவை. அவற்றில் பலவும் மீன் பிடிக்கவும் படகு விடவும் கட்டிய சிறிய மண்கரைகள். நிலத்தோடு ஒரு ஏரியும் வருகிறது என்று மகிழ்ந்து வாங்குகிறவர், கூடவே எதை வாங்குகிறார் என்பதற்கு 1889இலேயே பதில் கிடைத்துவிட்டது.

பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணை, கால்வாய்ப் போக்குவரத்துக்குத் தண்ணீர் தர மாநில அரசு கட்டியது. ரயில் வந்தபின் அது கைமாறிக்கொண்டே போனது. நடுவில் வாங்கிய ஒருவர் அடிமதகின் இரும்புக் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றார். 1879இல் பிட்ஸ்பர்க் பணக்காரர்களின் மீன்பிடி மன்றத்துக்கு வந்தது. ஆண்ட்ரூ கார்னெகியும் அதில் உறுப்பினர். குழாய்கள் திரும்பப் பதிக்கப்படவில்லை. ஏரியை இறக்க வழியே இல்லை. வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். விலை கொடுத்து விட்ட மீன் தப்பிவிடக் கூடாதே என்று, மிகைநீர் வழிந்தோடும் கலங்கலின் குறுக்கே வலைக்கம்பி போட்டார்கள். கீழேயிருந்த இரும்பாலை அனுப்பிய பொறியாளர் ஜான் ஃபுல்டன் குறைகளை எழுதிக் கொடுத்தும் மன்றம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1889 மே 31 அன்று பெருமழை. வலையில் குப்பை அடைத்தது. தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்து உடைப்பெடுத்தது. 14 மைல் கீழே ஜான்ஸ்டவுனில் 2,209 பேர் இறந்தார்கள். வழக்குப் போட்டவர்களில் ஒருவருக்கும் மன்றத்திடமிருந்து இழப்பீடு கிடைக்கவில்லை.

ஆனால் சட்டம் அங்கேயே நிற்கவில்லை. தன் நிலத்தில் தேக்கிய நீர் தப்பிப்போய்ப் பிறருக்குச் சேதம் செய்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் தேக்கியவரே பொறுப்பு என்று 1868இல் இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் வழக்கில் தீர்ப்பாகியிருந்தது. ஜான்ஸ்டவுனுக்குப் பின் பல அமெரிக்க மாநிலங்கள் அதை ஏற்றன. மற்றவற்றில் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். 2006இல் ஹவாயின் கா லோகோ அணை உடைந்து 7 பேர் இறந்தபோது, கலங்கல் மண்போட்டு மூடப்பட்டிருந்தது தெரியவந்தது. உரிமையாளர் சிறைத் தண்டனை பெற்றார்.

வாங்குகிறவர் பத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. கரை யார் பெயரில், பராமரிப்பு யார் செலவு, ஏரியைச் சுற்றிய வீட்டுக்காரர்கள் சங்கமா தனி ஆளா என்பது எழுத்தில் வேண்டும். பழைய சோதனை அறிக்கைகளைக் கேளுங்கள். ‘அதிக ஆபத்து’ என்ற வகைப்பாடு கரையின் நிலையைச் சொல்வதல்ல. உடைந்தால் உயிர்ச்சேதம் நேரும் என்பதைச் சொல்வது. கரையைத் தொடாமலே இந்த வகை மாறலாம், கீழே நாலு வீடு எழும்பினாலே போதும்.

கரையில் மரம் நின்றால் அழகுதான். ஆனால் வேர் செத்து மக்கினால் அதுவே தண்ணீருக்கு வழி. ஜார்ஜியாவின் கெல்லி பார்ன்ஸ் கரையில் மரங்கள் வளர்ந்திருந்தன. 1977 நவம்பர் 6 பின்னிரவில் அது உடைந்து, கீழே ஒரு கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள். அதன்பிறகே தனியார் அணைகளைச் சோதிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டர் உத்தரவிட்டார்.

கரையின் அடியில் தெளிந்த கசிவு என்றால் அளந்து குறித்துவையுங்கள். சேறு கலந்து வந்தால் மண் உள்ளிருந்து அரிக்கப்படுகிறது என்று பொருள்: 911ஐ அழையுங்கள், கீழே உள்ளவர்களை வெளியேற்றுங்கள், பிறகு பொறியாளர். பதற்றத்தில் ஏரியை ஒரேயடியாகத் திறந்துவிட்டால், ஊறிய உள்கரை சரிந்துவிடும்.

கீழே குடியிருப்பவர் தன் மாநிலத்தின் அணைப் பாதுகாப்பு அலுவலகத்தில் சோதனை அறிக்கையையும் அவசரத் திட்டத்தையும் கேட்கலாம், புகார் தரலாம். பல மாநிலங்களில் அந்த அலுவலகம் நீர்மட்டத்தைத் தாழ்த்தச் சொல்லி உத்தரவிடவும் முடியும். வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தைத் தாங்காது. வெள்ளக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும், அது அமலுக்கு வரப் பொதுவாக 30 நாள் ஆகும்.