நர்ஸ் ஆக விரும்பும் தோழியருக்கு

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"படித்து என்ன ஆகப் போகிறாய்?" என்ற கேள்விக்கு 'நர்ஸ்' என்று விடை சொல்லும் மாணவியர் நம் பள்ளியில் எப்போதும் சிலர் உண்டு. "அதற்கு என்ன படிக்க வேண்டும்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் விழிப்பார்கள். நர்சிங் என்பது ஒரே படிப்பு என்று நாம் எண்ணியிருப்பதே இதற்குக் காரணம். உண்மையில் அது படிப்படியாக அமைந்தது. எந்தப் படியில் முதலில் காலை வைப்பது என்பதைப் பத்தாம் வகுப்பு முடிந்தவுடனேயே ஓரளவு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே, நான் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். நைட்டிங்கேல் அம்மையாரின் விளக்கைப் பற்றி மே 12-ஆம் நாள்தோறும் கேட்டு வருகிறோம். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

நம் நாட்டில் செவிலியர் படிப்புக்கு மூன்று வாயில்கள் உள்ளன. முதலாவது ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் பயிற்சி. இது இரண்டு ஆண்டுகள். அவற்றுள் ஆறு மாதம் முழுவதும் பணியிடப் பயிற்சி. இரண்டாவது ஜி.என்.எம். என்னும் மூன்று ஆண்டுப் பட்டயப் படிப்பு. மூன்றாவது பி.எஸ்ஸி. நர்சிங், இது நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு. பின்னால் சொன்ன இரண்டில் ஒன்றை முடித்தவரே 'பதிவு பெற்ற செவிலியர்' ஆகிறார். ஏ.என்.எம். முடித்தவரையும் மாநிலக் கவுன்சில் பதிவு செய்கிறது. ஆனால் துணைச் செவிலியர் என்ற தனிப் பிரிவில்தான் அவர் பெயர் இருக்கும்.

இந்த வேறுபாட்டைக் கேட்டவுடன் பலர், "அப்படியானால் ஏ.என்.எம். எதற்கு? பாதி நர்ஸ்தானே?" என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தச் சொல்லை எங்கள் உறவினர் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். அது சரியா என்று பார்ப்போம்.

என் சித்தி கிராம சுகாதாரச் செவிலியர். தமிழ்நாட்டில் அந்தப் பணிக்கு அடிப்படையே ஏ.என்.எம். பயிற்சிதான். அவர் படித்த காலத்தில் அது 18 மாதப் பயிற்சியாக இருந்தது. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கு ஒன்று என்பது கணக்கு. அத்தனை பேருக்கும் முதலில் கதவைத் தட்டும் கை சித்தியினுடையது.

புதன்கிழமை தடுப்பூசி நாள். விடுமுறையில் நான் உடன் சென்றிருக்கிறேன். தடுப்பூசி மருந்துகள் 2 டிகிரி முதல் 8 டிகிரி வரையிலான குளிரிலேயே இருக்க வேண்டும். ஆகவே பெட்டியில் பனிக்கட்டிப் பைகளை வைத்து எடுத்துச் செல்கிறார்கள். ஆனால் உறைபெட்டியிலிருந்து எடுத்த பையை அப்படியே வைத்துவிடக் கூடாதாம். வெளியே சற்று நேரம் வைத்து, காதருகே குலுக்கிப் பார்த்து, உள்ளே தண்ணீர் அசையும் ஓசை கேட்ட பிறகே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சில மருந்துகள் உறைந்து கெட்டுவிடும். கெட்டது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியைக் குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் போடுகிறார்கள். போட்ட பின் தாயை அரை மணி நேரம் உட்கார வைக்கிறார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு சிஸ்டர்" என்றாலும் விடுவதில்லை.

கருவுற்ற பெண்களைப் பதிந்து பிக்மி எண் வாங்கித் தருவது, எடை பார்ப்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, அதைத் தின்றார்களா என்று மறுபடியும் போய்க் கேட்பது எல்லாம் அவர் வேலையே. இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ, ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கினாலோ அவர் தாமே வைத்தியம் செய்வதில்லை. உடனே மருத்துவமனைக்கு அனுப்புகிறார். ஆபத்தைக் கண்டுபிடித்து நேரத்தோடு அனுப்பிவைப்பதைப் பாதி வேலை என்று எப்படிச் சொல்வது?

எனினும் அந்தப் பயிற்சிக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. ஏ.என்.எம். பாடங்கள் சமுதாய நலம், தாய் சேய் நலம், மகப்பேறு, முதலுதவி, தொற்றுநோய்த் தடுப்பு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தவை. அறுவைச் சிகிச்சை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு, மனநலப் பிரிவு ஆகியவற்றில் பொறுப்பேற்பதற்கான படிப்பு ஜி.என்.எம்.-இலும் பி.எஸ்ஸி.-இலும்தான் கிடைக்கிறது. பெரிய மருத்துவமனையில் வார்டுப் பொறுப்பு வகிக்க வேண்டும், வெளிநாடு செல்ல வேண்டும் என்று விரும்புகிறவர் ஏ.என்.எம். சான்றிதழோடு நின்றுவிட முடியாது. படிப்பை முடித்ததும் அரசு வேலை காத்திருக்கிறது என்றும் நினைக்கக் கூடாது. பணியிடம் அறிவிக்கப்படும் வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

நின்றுவிடாமல் ஏறலாமா என்றால், ஏறலாம். ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் ஜி.என்.எம்.-இல் சேரலாம். பொதுவாக ஜி.என்.எம். சேர 35 வயது எல்லை, ஏ.என்.எம். பதிவு உள்ளவருக்கு அந்த எல்லையும் இல்லை என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. ஜி.என்.எம். முடித்தபின் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் படித்தால் பி.எஸ்ஸி. பட்டமும் கிடைக்கும்.

ஆனால் தோழியரே, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ.என்.எம். 2, ஜி.என்.எம். 3, போஸ்ட் பேசிக் 2, ஆக மொத்தம் 7 ஆண்டுகள். நேரே பி.எஸ்ஸி. சேர்ந்தால் 4 ஆண்டுகள். ஏ.என்.எம். படித்த இரண்டு ஆண்டுகளை ஜி.என்.எம்.-இல் கழித்துக்கொள்ள மாட்டார்கள். முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும். அமெரிக்காவில் இப்படி இல்லை. அங்கே 'பிராக்டிகல் நர்ஸ்' என்ற பிரிவினர் ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சி பெற்று, தேர்வு எழுதி, உரிமம் பெறுகிறார்கள். டாக்டரின் அல்லது பதிவு பெற்ற செவிலியரின் மேற்பார்வையில் பணி செய்கிறார்கள். அவர்கள் மேலே படிக்க விரும்பினால், முன்பு படித்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டு காலத்தைக் குறைக்கும் இணைப்புப் படிப்புகள் அங்கே உண்டு. நம் நாட்டிலும் அப்படி ஒரு பாலம் இருந்தால் எவ்வளவோ பேர் ஏறியிருப்பார்கள் என்பது என் கருத்து.

ஆகவே, மேல்நிலையில் உயிரியல் படித்து, மதிப்பெண்ணும் வந்து, நான்கு ஆண்டுச் செலவை வீடும் தாங்குமானால் நேரே பி.எஸ்ஸி. செல்வதே நல்லது. இதில் எனக்கு ஐயமில்லை. அப்படி வாய்க்காதவர்களைப் பற்றித்தான் மேற்கொண்டு சொல்ல வேண்டும்.

என் பெரியம்மா மகள் பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவர். அந்த ஆண்டில்தான் பெரியப்பாவால் வேலைக்குப் போக முடியாமல் போயிற்று. அக்காவுக்குக் கீழே இரண்டு தம்பிகள். இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்காததால் பி.எஸ்ஸி. வாயில் மூடியிருந்தது. எந்தப் பிரிவு படித்தவரும் ஜி.என்.எம். சேரலாம் என்றாலும், மூன்று ஆண்டு சம்பாத்தியம் இல்லாமல் வீடு ஓடாது. அக்கா ஏ.என்.எம். சேர்ந்தார். அப்போதுதான் அந்த உறவினர் "பாதி நர்ஸ்" என்றார். "பாதிச் சம்பளமாவது முழுசா வீட்டுக்கு வரும், மாமா" என்று அக்கா சொன்னதை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்போம்.

படித்து முடித்து, ஒரு சிற்றூரில் கன்னியர் நடத்தும் மருத்துவமனையில் மூன்று ஆண்டுகள் பணி செய்தார். மூத்த தம்பி பாலிடெக்னிக் முடித்தான். அதன் பிறகே அக்கா ஜி.என்.எம். சேர்ந்தார், இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறார். பிரசவ அறைக்கு முதன்முதலாக அழைத்துச் சென்ற நாளில் உடன் படிக்கும் பெண்களில் இருவருக்கு மயக்கம் வந்துவிட்டதாம். அக்கா அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருக்கிறார். கை அறிந்த வேலை கையை விட்டுப் போவதில்லை. ஆனால் பதினெட்டு வயதுப் பெண்களோடு உட்கார்ந்து, வெப்பமானி வைப்பதிலிருந்து மறுபடியும் கேட்பது சலிப்பாக இருப்பதாகவும், உடற்கூறு பாடத்தை ஆங்கிலத்தில் எழுதுவது கடினமாக இருப்பதாகவும் அவரே சொல்கிறார்.

சிறிது காலப் பயிற்சியை இகழ்ந்து பேசுவோருக்கு ஒரு வரலாற்றுச் செய்தி உண்டு. அன்னை தெரேசா ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கல்கத்தாவில் லொரேட்டோ சபையின் ஆசிரியையாக இருந்தவர். 1948 ஆகஸ்டில் அந்த மடத்தை விட்டு வெளியே வந்தவர், நேரே சேரிக்குச் செல்லவில்லை. பாட்னாவுக்குச் சென்று, திருக்குடும்ப மருத்துவமனையில் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகளிடம் சில மாதங்கள் செய்முறைப் பயிற்சி பெற்றார். ஊசி போடவும் புண்ணைக் கழுவிக் கட்டவும் பேறுகாலத்தில் உதவவும் அங்கே கற்றுக்கொண்டு, அந்த ஆண்டு டிசம்பரில் கல்கத்தா திரும்பித் தம் பணியைத் தொடங்கினார். பட்டம் பெற்ற நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவர் நோக்கமன்று. செய்யப் போகும் வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவைக் கற்றார். அவருக்குக் கற்றுக்கொடுத்த அந்தச் சபையை 1925-இல் நிறுவியவர் டாக்டர் அன்னா டெங்கல். துறவறச் சகோதரிகள் மருத்துவமும் மகப்பேறும் பார்க்க ரோமாபுரி அனுமதி அளித்தது 1936-இல்தான் என்பதை அறியும்போது வியப்பாக இருக்கிறது.

இனி, பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி. முற்காலத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களே ஏ.என்.எம். சேர முடிந்தது. இன்றோ பிளஸ் டூ தேர்ச்சியும் 17 வயதும் வேண்டும். இந்த மாற்றம் பல வீடுகளுக்குத் தெரியாது. இதை வைத்துத்தான் சிலர், "பத்தாவது போதும், ஓராண்டில் நர்ஸ் ஆகலாம்" என்று சுவரெல்லாம் நோட்டீசு ஒட்டுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தில் சேர்ந்தாள். வெள்ளைச் சீருடை கொடுத்தார்கள், தொப்பி கொடுத்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். அவள் அம்மா காதுத்தோட்டை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. பதிவு செய்யப் போனபோதுதான், அந்தச் சான்றிதழைக் கவுன்சில் ஏற்பதில்லை என்று தெரிந்தது. இப்போது ஒரு சிறு மருத்துவமனையில் உதவியாளாக இருக்கிறாள். வேலை என்னவோ நாள் முழுவதும் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அவள் மேலே எந்தப் படியும் ஏற முடியாது. சேர்வதென்றால் மறுபடியும் பிளஸ் டூ எழுத வேண்டும்.

ஆகையால் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் செவிலியரைப் பதிவு செய்வது சென்னையிலுள்ள தமிழ்நாடு செவிலியர், மருத்துவச்சியர் கவுன்சில். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்டது. "இங்கே படித்தால் உங்கள் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா?" என்ற ஒரே கேள்வியை அங்கே கேட்டால் போதும். தேசிய அளவில் இந்திய நர்சிங் கவுன்சில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டது. அதன் இடத்தில் ஓர் ஆணையம் அமைக்க 2023-இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியிருக்கிறது. ஆகவே விதிகள் மாறக்கூடும். பழைய மாணவியர் சொன்னதை மட்டும் நம்பாமல், சேரும் ஆண்டின் விதியைப் படித்துக்கொள்ள வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில் பிரிவு கேட்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பி.எஸ்ஸி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியலோடு பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஜி.என்.எம்.-க்கு எந்தப் பிரிவானாலும் 40 விழுக்காடும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் போதும். கணக்கு வராது என்று பயந்து வேறு பிரிவுக்கு ஓடும் தோழியர், கணக்கு இல்லாத அறிவியல் பிரிவு உண்டா என்று முதலில் சிஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். உயிரியல் எடுத்தவருக்கு மூன்று வாயிலும் திறந்திருக்கும், மற்றவருக்கு இரண்டு.

நான் உயிரியல் பிரிவையே கேட்க எண்ணியிருக்கிறேன். நான்கு ஆண்டுச் செலவைப் பற்றி அப்பாவும் சித்தியும் இப்போதே தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் பிளஸ் டூ முடிந்ததும் ஏ.என்.எம். விண்ணப்பத்தைத் தாமே வாங்கித் தருவதாகச் சித்தி சொல்லியிருக்கிறார். அப்பா சம்மதித்துவிட்டார். இரவு வேலை இருக்குமே என்று அம்மாவுக்குத்தான் இன்னும் மனம் வரவில்லை. அவரிடம் பேச அக்காவை விடுமுறைக்கு வரச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறேன்.