எல்லைக்கோட்டு உயிர்கள் - 9: ரோகு தலை, கட்லா உடம்பு

வோல்கா நதிக்கரையின் வளைக்கரடிகளைப் போன வாரம் பார்த்தோம். ஆற்றுக்கு மேற்கே ஐரோப்பிய இனம், கிழக்கே ஆசிய இனம். வோல்காவுக்கும் காமா ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதியில் இரண்டும் கலந்து திரிகின்றன. அங்கே கலப்புக் குட்டிகளும் உண்டு. அந்தச் சந்திப்பை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. காவிரியில் நடந்ததை நாம்தான் ஏற்பாடு செய்தோம். மேட்டூர் அதற்குக் கல்யாண மண்டபம்.

1934-ல் அணை திறக்கப்பட்டது. 120 அடி நிரம்பினால் சுமார் 150 சதுர கிலோமீட்டருக்கு நீர் விரியும். பண்ணவாடி, கோட்டையூர் பரிசல்துறைகளில் நின்று பார்த்தால் இது ஆறா கடலா என்று சந்தேகம் வரும். ஓடும் ஆற்றில் வளர்ந்த காவிரி மீன்களால் மட்டும் இவ்வளவு பெரிய தேங்குநீரை நிரப்ப முடியாது என்று கணக்குப் போட்டு, கோதாவரியிலிருந்து கட்லாவைக் கொண்டுவந்து விட்டார்கள். பின்னால் ரோகுவும் மிர்காலும் வந்தன. கட்லா மேல்நீரில் மேயும், ரோகு நடுநீரில், மிர்கால் அடிச்சேற்றில். ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று கைவைக்காது என்பது ஏற்பாடு. 1822-ல் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் இந்த மூன்றையும் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். காவிரிக்கு மூன்றுமே வெளியூர்க்காரர்கள். இங்கே ஏற்கெனவே இருந்தவை வெண்கெண்டை, சேல்கெண்டை, கருமுளிக்கெண்டை.

கங்கையில் இந்த மூன்றும் காலங்காலமாக ஒரே மழைக்காலத்தில், ஒரே வெள்ளத்தில்தான் முட்டையிடுகின்றன. ஆனாலும் தனித்தனி இனமாகவே நீடிக்கின்றன. குளத்தில் விட்டால் வளரும், முட்டையிடாது. அதற்கு வெள்ளம் வேண்டும். அதனால் வெள்ளக்காலத்தில் ஆற்றில் வலைகட்டிக் குஞ்சு பிடிப்பதே வழியாக இருந்தது. 1957 ஜூலை 10-ல் ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரி, மீனின் மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றி, வெள்ளமே இல்லாமல் கெண்டைகளை முட்டையிட வைத்தார். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம். ஓரிரு ஆண்டுகளுக்குள் கட்லாவையும் ரோகுவையும் இணைத்துப் பார்த்தார்கள், குஞ்சும் பொரித்தது. இரண்டுக்கும் 50 குரோமோசோம்கள். மிர்காலுக்கும் அதே 50. பிறந்த கலப்பினம் கோவேறு கழுதைபோல் மலடு இல்லை, தானும் குஞ்சு பொரிக்கும். விஷயம் சிக்கலாவது இங்கேதான்.

ஒரு பொரிப்பகத்தில் சாயங்காலம் என்ன நடக்கிறது? முட்டை தள்ளும் வயிற்றோடு இருக்கும் தாய்மீனை ஈரத்துணியில் பிடித்து, முதுகுத்துடுப்புக்குக் கீழே ஊசி போடுவார்கள். இப்போது கடையிலேயே ஹார்மோன் மருந்து கிடைப்பதால் சுரப்பியைத் தேடி மீன் தலையைப் பிளக்க வேண்டியதில்லை. வட்டத் தொட்டியில் தண்ணீரைச் சுழலவிட்டால் மீனுக்கு அது வெள்ளம். நள்ளிரவு தாண்டியதும் தண்ணீர் கலங்கும், துள்ளல் சத்தம் கேட்கும், விடிந்தால் அடியில் ஜவ்வரிசி மாதிரி முட்டைகள். முட்டையும் விந்தும் சேர்வது மீனின் உடம்புக்கு வெளியே, தண்ணீரில். ஒரே தொட்டியில் கட்லாத் தாயும் ரோகு ஆணும் இருந்தால் யாருடைய விந்து எந்த முட்டையில் சேர்ந்தது என்று எவருக்கும் தெரியாது. தொட்டி போதவில்லை, கட்லா ஆண் அகப்படவில்லை, நாளைக் காலை லாரி வருகிறது: காரணங்கள் இவ்வளவுதான். இந்தியாவிலும் வங்கதேசத்திலும் பொரிப்பகக் குஞ்சுகளை மரபணுச் சோதனை செய்தவர்கள் இப்படி நடந்த கலப்பைக் கண்டிருக்கிறார்கள்.

கலப்பினம் சந்தையில் விலைபோகாத சரக்கு என்று நினைக்க வேண்டாம். கட்லாவுக்குத் தலை பெரிசு. கிலோ கணக்கில் வாங்குகிறவருக்குத் தலையே எடையைத் தின்றுவிடும். கலப்பு மீனுக்கு ரோகுவின் சின்னத் தலை, கட்லாவின் அகன்ற உடம்பு. வளர்ச்சி ரோகுவைவிட வேகம். வாயைப் பாருங்கள்: கட்லாவுக்கு மேல்நோக்கித் திறக்கும், ரோகுவுக்குக் கீழ்நோக்கி, உதட்டில் குஞ்சம் மாதிரி சுருக்கத்தோடு. கலப்பில் அது நடுவே நிற்கும். இது முதல் தலைமுறைக்குத்தான். அந்தக் கலப்பு மறுபடி ரோகுவோடு சேர்ந்தால் பேரப்பிள்ளையை மீன் வெட்டுகிறவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பண்ணைக் குளத்தில் வளர்ந்து குழம்புக்குப் போகிற மீன் கலப்பாக இருந்தால் எனக்கு ஆட்சேபமில்லை. ஆட்சேபம் அதைத் தாய்மீனாக வைத்துக்கொள்வதில். 1992-ல் புவனேஸ்வரத்தில் நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் நார்வே நாட்டவரோடு சேர்ந்து தொடங்கிய வேலையில், தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வேகமாக வளரும் 'ஜெயந்தி' ரோகுவை உருவாக்கினார்கள். ஒரு தொட்டியின் அலட்சியத்தில் அத்தனை வருட உழைப்பும் கரையும்.

காவிரிக்காரர்களுக்கு வருவோம். வெண்கெண்டைக்கும் மிர்காலுக்கும் உறவு எவ்வளவு நெருக்கமென்றால், 1997-ல் டைசன் ராபர்ட்ஸ் என்ற மீனியலாளர் இரண்டும் ஒரே இனம் என்றே எழுதினார். மிர்காலை வெண்கெண்டையின் அறிவியல் பெயரில் அழைக்கும் பழக்கம் பல ஏடுகளில் தொற்றிக்கொண்டது. விளைவு விபரீதம்: குளம் குளமாக மிர்கால் வளர்கையில் வெண்கெண்டைக்கு என்ன குறை என்று தோன்றிவிடும். நிஜத்தில் வெண்கெண்டை பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனம். அணைகள் வழியை மறித்தன, வெளியூர் மீன்கள் இடத்தைப் பிடித்தன. சேல்கெண்டையையும் கட்லாவோடு இணைத்துக் கர்நாடகத்தில் கலப்பினம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் நன்றாகவே வளர்ந்தது. நாட்டு மீன்குஞ்சுகளை ஆற்றில் விடும் திட்டங்கள் இப்போது வந்திருக்கின்றன. நல்ல காரியம். அந்தக் குஞ்சுகள் பொரிக்கும் தொட்டியில் அன்றிரவு வேறெந்தக் கெண்டையும் இருக்கக் கூடாது என்பதை மட்டும் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

அடுத்த வாரம் தண்ணீரை விட்டு மரத்துக்கு ஏறுவோம்: வடக்கிலிருந்து கோதாவரியைத் தாண்டி வரும் ரீசஸ் குரங்கும் நம்மூர் நாட்டுக்குரங்கும்.