டோரண்டில் இறக்கும்போதே நடக்கும் 'வினியோகம்': வீட்டு இன்டர்நெட் கனெக்ஷன் யார் பெயரில் இருக்கிறது?

கடலூர்:

கடலூர் மஞ்சக்குப்பமானாலும் சரி, சிதம்பரம் அண்ணாமலை நகரானாலும் சரி, கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கல்லூரி மாணவரிடம் "டோரண்ட்" என்றால் "படம் இறக்குற சாப்ட்வேர்தானே" என்பார். அது பாதி உண்மைதான். இறக்கிக்கொண்டிருக்கும்போதே, இறக்கியதை ஊருக்கெல்லாம் ஏற்றிக் கொடுக்கும் சாப்ட்வேரும் அதுதான். இந்த இரண்டாவது வேலை சத்தமில்லாமல் நடப்பதால் பலர் கவனிப்பதில்லை. டோரண்டின் வசதியும் இதில்தான் இருக்கிறது, வம்பும் இதில்தான் இருக்கிறது.

தேர் வடம் மாதிரி

சிதம்பரம் நடராஜர் கோவில் தேரை ஒரே ஆள் இழுக்க முடியுமா? ஆளுக்கு ஒரு கை வடம் பிடித்தால்தான் நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வந்து சேரும். அமெரிக்காவை சேர்ந்த பிராம் கோஹன் 2001-ம் ஆண்டு உருவாக்கிய "பிட்டோரண்ட்" முறையும் இப்படித்தான்.

சாதாரணமாக ஒரு பைலை இறக்கினால் எங்கோ இருக்கும் ஒரு சர்வரில் இருந்து வரும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் அந்த சர்வர் திணறிப்போகும். டோரண்டில் பைலை சிறு சிறு துண்டுகளாக பிரித்து விடுகிறார்கள். ஒருவருக்கு பத்தாவது துண்டு கிடைத்தால், அது இல்லாதவருக்கு இவர் கம்ப்யூட்டரில் இருந்தே போகிறது. அவரிடம் உள்ள வேறு துண்டு இவருக்கு வருகிறது. அதனால் கூட்டம் கூடினால் வேகம் குறையாது, ஏறும்.

கரண்ட் போனாலும் கவலை இல்லை. விட்ட இடத்தில் இருந்து மறுபடி ஆரம்பிக்கும். 2011 டிசம்பர் 30-ந்தேதி தானே புயலுக்கு பிறகு நாள் கணக்கில் இருட்டில் கிடந்த கடலூர்காரர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியது இல்லை. வந்து சேரும் ஒவ்வொரு துண்டையும் சாப்ட்வேரே சரிபார்க்கும். கெட்டுப்போன துண்டு என்றால் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி வாங்கிவிடும்.

இதை நல்ல காரியத்துக்கு பயன்படுத்துகிறவர்களும் உண்டு. இலவசமாக கிடைக்கும் உபுண்டு, டெபியன் ஆபரேட்டிங் சிஸ்டங்களை அவற்றை தயாரிப்பவர்களே டோரண்டில் கொடுக்கிறார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் உள்ள பழைய புத்தகங்களையும் இந்த வழியில் எடுக்கலாம். இதில் எந்த தப்பும் கிடையாது.

99 சதவீதத்தில் மக்கர்

முழு பைலையும் கையில் வைத்து கொடுத்துக்கொண்டு இருப்பவருக்கு "சீடர்" என்று பெயர். குருவுக்கு அடங்கிய சீடர் இல்லை, விதை போடுகிறவர் என்று அர்த்தம். அவர்கள் எல்லாம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு போய்விட்டால், 99 சதவீதம் வந்த பைல் அப்படியே நிற்கும். கடைசி துண்டு யாரிடமும் இல்லை என்றால் மாதக்கணக்கில் காத்திருந்தாலும் வராது. பழைய, அபூர்வமான பைல்களுக்கு டோரண்டை நம்புவது வீண்.

அப்லோடும் டேட்டா கணக்கில் சேரும். தினம் ஒன்றரை ஜி.பி. செல்போன் பேக்கில் டோரண்ட் போட்டால் மதியத்துக்குள் காலி.

ஜெயில் வரை போகும்

பெரிய வம்பு சட்டத்தில் இருக்கிறது. புது படத்தை டோரண்டில் இறக்குபவர் "நான் பார்க்கத்தான் எடுத்தேன், யாருக்கும் கொடுக்கவில்லை" என்று சொல்ல முடியாது. எடுக்கும்போதே துண்டு துண்டாக மற்றவர்களுக்கு கொடுத்திருப்பார். 1957-ம் ஆண்டு காப்புரிமை சட்டம் 63-வது பிரிவின்படி, தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். வியாபார நோக்கம் இல்லை என்றால் கோர்ட்டு காரணம் சொல்லி தண்டனையை குறைக்கலாம். ஆனால் இது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 மே மாதம் தீர்ப்பு சொல்லி இருக்கிறது.

கண்டுபிடிக்க முடியாது என்று நினைப்பதும் தப்பு. ஒரே பைலில் சேர்ந்திருக்கும் எல்லோருடைய ஐ.பி. முகவரியும் ஒருவருக்கு ஒருவர் தெரியும். பட கம்பெனி ஆளும் அதே டோரண்டில் சேர்ந்து உட்கார்ந்தால் பட்டியல் தானாக வந்து விழும். அந்த நேரத்தில் அந்த முகவரி யாருடையது என்று இன்டர்நெட் கம்பெனியிடம் கேட்டால் கனெக்ஷன்காரர் பெயர் வரும். பல வீடுகளில் கனெக்ஷன் இருப்பது அப்பா பெயரில். பையன் ராத்திரி போட்டுவிட்டு தூங்கிய டோரண்டுக்கு பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

2012-ல் நடந்த கூத்து

2012-ம் ஆண்டு தனுஷ் நடித்த "3", தெலுங்கு படம் "தம்மு" ஆகியவற்றுக்காக சென்னை ஐகோர்ட்டில் தடை உத்தரவு வாங்கப்பட்டது. இன்டர்நெட் கம்பெனிகள் பயந்துபோய் பைரேட் பே மட்டுமின்றி, சொந்த வீடியோக்களை போடும் விமியோ தளத்தையும் சேர்த்து முடக்கிவிட்டன. சம்பந்தமே இல்லாதவர்கள் அவதிப்பட்டார்கள். படம் இருக்கும் குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூனில் கோர்ட்டு தெளிவுபடுத்திய பிறகுதான் நிலைமை சீரானது. தளத்தை பூட்டினாலும் டோரண்ட் நிற்காது என்பது வேறு கதை. பைல் தளத்தில் இருந்தால்தானே நிற்பதற்கு?

எந்த சாப்ட்வேர்?

ரொம்ப பேர் வைத்திருப்பது யூடோரண்ட். 2015-ல் அதனுடன் சேர்ந்து பிட்காயின் போன்ற டிஜிட்டல் காசு தோண்டும் வேறொரு புரோகிராமும் உள்ளே வந்துவிடுவதாக புகார் கிளம்பியது. 2018-ல் அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதை கூகுள் ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தார், பிறகு அடைத்தார்கள். விளம்பர தொல்லை தனி. விளம்பரமே இல்லாத இலவச சாப்ட்வேர் வேண்டும் என்றால் கியூபிட்டோரண்ட் பரவாயில்லை. அதையும் அதன் சொந்த தளத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும். 2016-ல் டிரான்ஸ்மிஷன் என்ற இன்னொரு நல்ல சாப்ட்வேரின் தளத்திலேயே புகுந்து, மேக் கம்ப்யூட்டர் பைல்களை பூட்டி பணம் கேட்கும் வைரசை சேர்த்துவிட்டார்கள். படம் என்று சொல்லி ".இஎக்ஸ்இ" என்று முடியும் பைல் வந்தால் அது படம் இல்லை, தொடவே கூடாது.

செட்டிங்சில் அப்லோடு வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். ஓரத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் ஜன்னல் மூடும், சாப்ட்வேர் பல நேரம் மூடுவது இல்லை. கீழே கடிகாரத்துக்கு பக்கத்தில் சின்ன படமாக உட்கார்ந்து ஏற்றுமதியை தொடரும். அதன்மேல் ரைட் கிளிக் செய்து "எக்சிட்" கொடுத்தால்தான் நிற்கும்.