மலாக்கா: காற்று கொடுத்த செல்வம்



சுமார் 1400-ஆம் ஆண்டில் பரமேசுவரன் நிறுவிய மலாக்காவில் மக்களுக்குப் போதுமான நெல் விளையவில்லை. ஜாவாவிலிருந்தும் சயாமிலிருந்தும் பெகுவிலிருந்தும் அரிசி வந்தால்தான் உலை கொதிக்கும். அப்படிப்பட்ட ஊர் எப்படிச் செல்வம் கொழித்தது?

காற்றுதான் காரணம். தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியக் கப்பல்கள் வந்து சேரும். வடகிழக்குக் காற்றில் சீனக் கப்பல்கள் வரும். திரும்பிப் போக வேண்டுமானால், காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்த மாதங்களில் சோழமண்டலத்துத் துணியும், மலுக்குத் தீவுகளின் கிராம்பும், பண்டாவின் ஜாதிக்காயும், சீனப் பட்டும் கைமாறின.

வந்தவர்களைக் கவனிக்க ஷாபந்தர் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். குஜராத்தியருக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர் என்று பிரித்திருந்தார்கள். சரக்கு வைக்க இடம், எடை, வழக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு வரி நூற்றுக்கு ஆறு. கிழக்கிலிருந்து வந்தவர்கள் வரிக்குப் பதிலாக அன்பளிப்புக் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியது இவ்வளவுதான் என்று முன்கூட்டியே தெரிந்தால் வணிகன் துணிந்து வருவான் அல்லவா?

1511 ஆகஸ்டில் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க் பீரங்கிகளோடு வந்து நகரைப் பிடித்தார். பள்ளிவாசல்களின் கற்களையும் மன்னர் கல்லறைகளின் கற்களையும் பெயர்த்துக் கோட்டை கட்டினார். துறைமுகம் கிடைத்தால் வணிகமும் கிடைத்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆனால் முஸ்லிம் வணிகர் பலர் ஆச்சே போன்ற வேறு துறைகளுக்குக் கப்பலைத் திருப்பினர். சுல்தானின் வழியினர் ஜொகூரிலிருந்து மீண்டும் மீண்டும் தாக்கினர்.

நம்மவர் ரப்பரோடுதான் இங்கு வந்தனர் என்று எண்ணுவோர் உண்டு. அன்றைய மலாக்காவிலேயே நம்மவர் செல்வாக்குள்ள வணிகராக இருந்தார்கள். அவர்களில் ஒருவரை நீனா சட்டு என்று போர்த்துக்கீசியர் எழுதி வைத்தனர். 1509 முதல் மலாக்காவில் சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியருக்கு இவர் உதவினார். அதற்கு நன்றியாக நகர் பிடிபட்டபின் பெண்டஹாரா பதவி கொடுத்தனர். 1514-இல் அதைப் பறித்து, கம்பார் அரசருக்குக் கொடுக்க முடிவு செய்தனர். அவமானம் தாளாமல் அவர் தீ மூட்டி அதில் இறங்கி உயிர் விட்டார் என்று அவர்களுடைய வரலாற்று நூல்களே கூறுகின்றன. உதவியவருக்கே இந்த நிலை என்றால், மற்ற வணிகர் எதை நம்பித் தங்குவார்கள்?

1641-இல் ஜொகூரின் துணையோடு டச்சுக்காரர் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்களுக்கு முக்கியமான துறைமுகம் பத்தாவியா. மலாக்காவை ஒரு காவல் நிலையமாகவே வைத்துக்கொண்டார்கள். பிறகு வந்த ஆங்கிலேயர் 1807-இல் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தனர். 1824 உடன்படிக்கையால் ஊர் நிரந்தரமாக அவர்கள் வசமானபோது, கப்பல்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டிருந்தன. கோட்டையில் இன்று நிற்பது ஒரே ஒரு வாசல்.