விளக்கை விட்டுப் பார்த்தாச்சா?

சேந்தமங்கலம் மாதிரி ஊர்களில், பாழுங்கிணற்றில் ஆள் இறங்கும் முன் பெரியவர்கள் கயிற்றில் அரிக்கேன் விளக்கைக் கட்டி உள்ளே விடுவார்கள். விளக்கு அணைந்ததோ... "டேய், எவனும் இறங்காதே!" உள்ளே ஆக்ஸிஜன் போதாது என்று அர்த்தம்.

கிணற்றுக்குச் சரி. சேகோ ஃபேக்டரி கழிவுத் தொட்டிக்கும் செப்டிக் டாங்குக்கும் இந்த வித்தை கூடவே கூடாது. அங்கே மீத்தேன் இருக்கும். நெருப்புப் பட்டால் 'டமார்'! ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். முதலில் அழுகின முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். "நாத்தம் போயிடுச்சுண்ணே, இறங்கலாம்" என்கிறவர் முதல் பலி. அவரைத் தூக்கப் போகிறவர் இரண்டாவது.

இதற்குத்தான் கையடக்க காஸ் மீட்டர். உள்ளே துளியூண்டு திரவம், மின்முனைகள். வாயு திரவத்தில் கரைந்து மின்முனையைத் தொட்டதும் எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல். வாயு எவ்வளவோ, கரண்ட் அவ்வளவு. காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவிகிதம், 19.5-க்குக் கீழே போனால் மீட்டர் அலறும்.

சிக்கல் எங்கே? பல மீட்டர்களில் அந்தத் திரவம், தண்ணீர் கலந்த அமிலம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் நாள்பட வற்றிவிடும்!

வற்றாத திரவம் உண்டா? உண்டு ஸார்... உப்பு! சாப்பாட்டு உப்பு உருக 801 டிகிரி வேண்டும். ஆனால் 1914-ல் பால் வால்டன் என்ற விஞ்ஞானி சொன்ன ஓர் உப்பு, சுமார் 12 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. இந்த ரகத்துக்கு 'அயனித் திரவம்' என்று பெயர். பெரும்பாலானவை லேசில் ஆவியாகாது.

இதில் கரைந்த ஆக்ஸிஜன் ஒரு எலக்ட்ரானை வாங்கி 'சூப்பராக்ஸைடு' ஆகும். தண்ணீரில் அது சட்டென்று சிதைந்துவிடும். ஈரமில்லாத அயனித் திரவத்திலோ கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்து, எலக்ட்ரானைத் திருப்பியும் கொடுக்கும். நம்மிடம் கைமாத்து வாங்கிய நண்பர்கள் கவனிக்க!

குறையும் உண்டு. திரவம் விளக்கெண்ணெய் மாதிரி கொழகொழ. வாயு அதற்குள், சர்க்கார் ஆபீஸ் ஃபைல் வேகத்தில்தான் நகரும். அதனால் பதில் தாமதம். உயிர் விஷயத்தில் தாமதம் ஆகாதே! அதனால் திரவத்தை மெல்லிய படலமாகப் பூசி வேகப்படுத்தப் பார்க்கிறார்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது இன்னொரு தலைவலி.

பாதுகாப்பில்லாமல் ஆளை உள்ளே இறக்குவதே 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம். சாக்கடைச் சாவுக்கு நஷ்டஈடு 30 லட்சம் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. மீட்டர் விலை அதில் சிறு துளி.

அடுத்த முறை உங்கள் வீட்டு செப்டிக் டாங்க் மூடியை யாராவது திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். நின்று, "மெஷின் எங்கேப்பா?" என்று கேளுங்கள்.