சிம்பல் சத்தம் எங்கே போச்சு?

அமெரிக்க மெட்டல் இசைக்குழு மெட்டாலிக்காவின் ‘கறுப்பு ஆல்பம்’ வெளியானது 1991 ஆகஸ்டில். எங்கள் அம்பத்தூர் தெருவுக்கு அது வந்தது நகலெடுத்த கேசட்டாகத்தான். அன்று தலையை ஆட்டிக் கேட்ட பையன்களுக்கு இன்று ஐம்பது வயது. 2011-இல் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அந்தக் குழு வாசித்தபோது ரயிலேறிப் போனவர்களும் இவர்களில் உண்டு. இப்போது செல்போனில் கேட்டுவிட்டு, “என்னதான் ரீமாஸ்டர் பண்ணாலும் அந்த கேசட்ல இருந்த பளிச் இல்லப்பா” என்கிறார்கள்.

பதிவைக் குறை சொல்வது அநியாயம். நொடிக்கு 4.76 செ.மீ. ஊரும் கேசட் நாடா, நகலெடுக்க எடுக்க உச்ச ஒலிகளைத்தான் முதலில் தொலைக்கும். செல்போனில் இருப்பது அதைவிடத் தெளிவான ஒலி. மாறியது காது.

உள்காதின் காக்ளியாவில் சுமார் 15,000 முடிச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. வாசலை ஒட்டியவை கீச்சொலிக்கு, உள்ளே தள்ளி நிற்பவை கனத்த ஒலிக்கு. வயதாகும்போது வாசல் பக்கம்தான் முதலில் தேய்கிறது. செத்த செல் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. எலெக்ட்ரிக் கிதாரின் உறுமல் பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால் தப்பிக்கிறது. டிரம்ஸில் தொங்கும் அந்த வெண்கலத் தட்டு, சிம்பல், 10,000 ஹெர்ட்ஸையும் தாண்டிச் சிதறும். முதலில் அடிபடுவது அதுதான்.

வயது மட்டுமா? இரைச்சலும்தான். எங்கள் தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் ஓடும் ஷெட்டுக்குள் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். அப்படிப்பட்ட இரைச்சல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகில்தான் காதைக் கெடுக்கும். செவித்திறனை அளந்து வரையும் ஆடியோகிராம் தாளில் அந்த இடத்தில் கோடு பள்ளமாக இறங்கி மறுபடி ஏறும்.

விசித்திரம் என்னவென்றால், இழப்பு சட்டென்று தெரிவதில்லை. 2005-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள், தெரிந்த பாட்டுகளில் இடையிடையே சில நொடி ஒலியை வெட்டிவிட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். அந்த மௌனத்திலும், ஒலியை உணரும் மூளைப் பகுதியான செவிப்புறணி இயங்கிக்கொண்டே இருந்தது. தெரியாத பாட்டில் அந்த அளவுக்கு இல்லை. கேட்டுப் பழகிய ஆல்பத்திலும் காது விட்டதை மூளை ஓரளவு இட்டு நிரப்புகிறது என்றே நினைக்கிறேன். ஆகவே காதைச் சோதிக்கப் பழைய பாட்டு உதவாது.

ஷெட்டில் வேலை பார்ப்பவர்கள் காதடைப்பான் இல்லாமல் மெஷின் பக்கம் போகாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆடியோகிராம் எடுங்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இடம்பெற்றிருந்த தொழில்நோய்.